காலையில் என்ன நிறம்

இங்கே எழுதப்போகும் காரியங்கள் நடந்தபோது எனக்கு ஊரில் ஒரு நிலை இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலையாள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதியைச் சுற்றியிருந்த தமிழ்த் தோட்டக்காரர்களில் கோயம்புத்தூருக்குப் போய்க் கல்லூரியில் படித்துப் பி.ஏ. முடித்தவன் அந்நாளில் நான் ஒருவன்தான். ஊர்க் கோயிலுக்குத் தர்மகர்த்தாவாகவும் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைவனாகவும் இருந்தேன். நில உச்சவரம்புச் சட்டம் வந்து தோட்டத்தில் ஒரு பகுதி கைவிட்டுப் போன பிறகும், பஸ்ஸில் எனக்கு இடம் விட்டு எழுந்திருப்பவர்கள் இருந்தார்கள். வில்லேஜ் ஆபீசுக்கு மலையாளத்தில் மனு எழுத வேண்டுமென்றால் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். அப்படிப்பட்ட ஒருவன் காலைதோறும் மாட்டுக்கொட்டகைக்குப் போய், தன் பங்காளியின் சிறுநீர் என்ன நிறம் காட்டுகிறது என்று பார்த்து நின்றான். அது எப்படி நேர்ந்தது என்று பலர் பலவிதமாகச் சொல்லிவிட்டார்கள். கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். என் பெரியப்பா மகன். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். எங்கள் வகையறாவில் அப்போது இருந்தவர்களில் அவரே மூத்தவர் என்பதால், யார் வீட்டுக் கல்யாணப் பேச்சானாலும் முன்னால் உட்காருகிறவர் அவராகவே இருந்தார். நான் அண்ணா என்று கூப்பிட்டேன். ஊர் அவரைச் சர்க்கரைக்காரர் என்றது.

சர்க்கரை வியாதியை மறைத்து வைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் மறைக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு டாக்டரிடம் பழகிக்கொண்டு, மருந்துக்கடையில் ஒரு நீல மருந்துத் தண்ணீர் வாங்கி வைத்திருந்தார். விடிந்ததும் மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றுவார். கண்ணாடிக் குழாயில் அந்த நீலத்தண்ணீரை ஊற்றி, தம் சிறுநீரில் சில சொட்டு விட்டுக் காய்ச்சுவார். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை. கூடக் கூட மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் அடியில் படியும். அதன்படி இன்சுலினை ஏற்றியும் இறக்கியும் போட்டுக்கொள்ள டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். மருந்துக் குப்பியை ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்திருப்பார்கள். ஊசி போடுவது அவர் மனைவி. அண்ணன் மனைவியை நங்கை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் அப்படித்தான் அழைத்தேன்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்திருந்தால் எனக்கு ஆட்சேபம் இருந்திருக்காது. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பார்கள்:

"ஏனுங்க பெரியவரே, இன்னிக்கு என்ன கலருங்க?"

"பச்சைடா. வெளுத்த பச்சை, இந்தக் கடை டீயாட்டம்."

கடை முழுக்கச் சிரிக்கும். கோயிலுக்குப் போகிற பெண்கள் காதில் விழும். நான் ஒருமுறை அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

"அண்ணா, நாலு பேரு முன்னால இதையெல்லாம் சொல்லோணுங்களா?"

"கேக்கறாங்க தம்பி, சொல்றேன். காச்சல்னா சொல்றதில்லையா?"

"காச்சலும் இதும் ஒண்ணுங்களா?"

"காச்சல் போயிரும். இது போகாது. போகாதத ஒளிச்சு வெச்சா எத்தனை நாளைக்கு ஒளிக்கறது? எனக்குச் சடவாயிரும்."

சடவு என்ற சொல்லை அவர் அடிக்கடி சொல்வார். உடம்பு அசதிக்கும் சொல்வார், மனிதர்கள் தரும் அலுப்புக்கும் சொல்வார்.

வாளையார் செக்போஸ்ட்டில் ஒரு தடவை நான் அவரோடு இருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து வரும் பஸ்ஸில் அரிசி மூட்டையும் சாராயமும் தேடி ஏறிய காவலர், அவர் பையிலிருந்த நீலக் குப்பியைத் தூக்கிப் பிடித்து, "இது எந்தா சாதனம்?" என்றார்.

"ஒண்ணுக்குப் பாக்கற தண்ணிங்க," என்றார் அண்ணன். "கொஞ்சம் புடிச்சுக் குடுத்தீங்கன்னா உங்களுக்கும் பாத்துச் சொல்றனுங்க."

காவலர் குப்பியை மெல்ல வைத்துவிட்டு இறங்கிப்போனார். பஸ் வாளையாரைத் தாண்டி வெகுதூரம் போகும்வரை சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, சிமென்டு ஆலைத் தூசி படிந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இத்தனை கட்டுப்பாடும் எதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இனிப்பின்மேல் அவ்வளவு பிரியம் வைத்த மனிதரை நான் வேறு கண்டதில்லை. கச்சாயம், தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றிய சந்தகை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒப்பிட்டு. மற்ற ஊர்க்காரர்கள் போளி என்பதை நாங்கள் ஒப்பிட்டு என்போம். காலையில் நீலம் வந்த நாளில் மட்டும் ஒன்று தின்பார். அதற்காக மத்தியானச் சோற்றில் பாதியைத் தள்ளிவிடுவார். வாய்க்கால் மேட்டில் வெகுதூரம் நடந்துவிட்டு வருவார். பிறகு கைகால் கழுவி, கிழக்கே பார்த்து உட்காருவார். விள்ளி வாயில் வைத்தபின் ஒரு வார்த்தை பேசமாட்டார். யாராவது பேச்சுக் கொடுத்தால் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்வார். தின்று முடித்துத் தண்ணீர் குடித்த பிறகுதான் பதில்.

கெட்ட இனிப்பைத் தொடவேமாட்டார். இதனால் எனக்கு ஏற்பட்ட சங்கடங்கள் பல. எங்கள் மாமன் மச்சான் வகையில் ஒரு கல்யாணத்தில், இலையில் வைத்த லட்டை விரலால் உருட்டிப் பார்த்தார். முகர்ந்தார்.

"நெய்யில்லீங்க, வனஸ்பதி," என்றார், பரிமாறியவனிடம் அல்ல, பொதுவாக. "இதுக்காகவா நாளைக்கு நான் மஞ்சள் பாக்கறது?"

லட்டை இலை ஓரத்தில் வைத்துவிட்டார். பெண்ணின் தகப்பனார் மூன்று பந்திக்கு அப்பால் நின்றார். அவருக்கு அது கேட்டுவிட்டது. அந்த மனவருத்தத்தைத் தீர்க்க நான் இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போய் வந்தேன்.

இன்னொன்று. அவர் வேட்டி மடியில் எப்போதும் ஒரு கருப்பட்டித் துண்டு இருக்கும். அதைப் பார்த்தவர்கள், மேலுக்கு விரதம், மறைவில் வெல்லம் என்று பேசினார்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை சில நேரம் சட்டென்று இறங்கிவிடும். வேர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பும். அப்போது வாயில் போட்டுக்கொள்ளும் மருந்து அது. கடலைக்காட்டில் ஒருநாள் அவர் அப்படிச் சாய்ந்ததை நான் பார்த்தேன். நங்கை ஓடிவந்து மடியிலிருந்து கருப்பட்டியை எடுத்துக் கடித்து உடைத்து அவர் வாயில் திணித்தார். நினைவு திரும்பியதும் அவர் முதலில் சொன்னது:

"மருந்தாத் தின்னா வெல்லமும் இனிக்கறதில்ல தம்பி."

இனி என் மகள் காரியத்துக்கு வருகிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்குத் தெற்கே ஒரு தோட்டத்துக் குடும்பம். நல்ல நிலம், நல்ல பெயர். பையன் விவசாயப் படிப்பு படித்தவன். அவர்கள் வந்து என் மகளைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பினார்கள். மகளுக்கும் பிடித்திருந்தது, அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பின் வந்த வேறு ஜாதகங்களை அவள் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்து நாங்கள் போய் அவர்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். அங்கே கை நனைத்தால், அதாவது அவர்கள் வீட்டில் தின்றால், பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நனைக்காமல் எழுந்துவிட்டால் முறிந்தது என்று அர்த்தம். வாயால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மூத்தவர் முதலில் கை வைப்பார், மற்றவர்கள் பிறகு.

புறப்படுவதற்கு முன் நான் அண்ணனிடம் சொன்னேன்.

"அங்க வந்து இந்த நெறக் கதையெல்லாம் எடுக்க வேண்டாங்கண்ணா. சர்க்கரை வம்சத்துல வருதுன்னு இப்ப எல்லாரும் பேசிக்கறாங்க. நம்ம அம்மணி வாழ்க்கை பாருங்க."

"கேக்காட்டி நான் ஏன் சொல்றேன்?"

அப்போது அவர் வலது காலில் முள் குத்திப் புண்ணாகியிருந்தது. அதைக் கட்டிக்கொண்டுதான் வந்தார். அன்று காலை நிறம் என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் எனக்கு அதுவரை இல்லை.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் இலை போட்டார்கள். பையனின் தாயார் தாமே ஒப்பிட்டுக் கொண்டுவந்து வைத்து நெய் ஊற்றினார். மெல்லியதாக, ஓரம் சிவக்காமல், உள்ளே பூரணம் மஞ்சளாகத் தெரிய இருந்தது. ஏலக்காய் மணம் கூடம் முழுக்க நிறைந்தது. எல்லாரும் அண்ணன் கையைப் பார்த்தோம். அவர் குனிந்து அந்த ஒப்பிட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பையனின் தகப்பனார் கௌரவமான மனிதர், நிதானமாகக் கேட்டார்.

"ஏனுங்க, ஏதாச்சும் கொறைங்களா?"

கேட்டுவிட்டார்.

"கொறை உங்க பலகாரத்துல இல்லீங்க. எம்பட ஒடம்புலீங்க. சர்க்கரை. காலைல பாத்தனுங்க, செங்கல் கலரு. கால்ல வேற புண்ணு. இன்னிக்கு இதைத் தின்னா காலு போயிருமுங்க."

அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார். "சாஸ்திரத்துக்கு ஒரு விள்ளல் வாயில போட்டுக்குங்க. என்ன ஆயிரப்போகுது?"

"சாஸ்திரத்துக்குத் திங்கற மாதிரியா பண்ணியிருக்காங்க? இது முழுசாத் திங்க வேண்டியதுங்க," என்றார் அண்ணன். வாசற்படியில் நின்ற பையனின் தாயாரைப் பார்த்துச் சொன்னார்: "நீலம் வர்ற அன்னிக்கு வாரனுங்க தாயி. அன்னிக்குச் சுட்டுக் குடுங்க."

"அப்ப நம்ம பேச்சுங்க?" என்றார் தகப்பனார்.

"அதும் அன்னிக்குத்தானுங்க."

மூத்தவர் கை வைக்காத இடத்தில் நான் கை வைப்பது எங்கள் வகையறாவில் இல்லை. எழுந்தோம். திரும்பும் வழியில் காரில் நான்தான் முதலில் பேசினேன்.

"எம்பேரைக் கெடுத்துட்டீங்கண்ணா."

"கேட்டாங்க தம்பி," என்றார். பிறகு, "எம்பட வாயவே எல்லாரும் பாக்கறீங்க. எனக்குச் சடவா இருக்குது," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. மறுநாளிலிருந்து டீக்கடையில் கேட்ட கேள்வியை வீட்டு வாசல்களிலும் கேட்டார்கள். என் மனைவி ஆள் அனுப்பிக் கேட்டாள். கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து அந்தப் பையனுக்கு வேறு ஜாதகம் வந்திருப்பதாகத் தெரிந்ததும் நானே போக ஆரம்பித்தேன். குழாயைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டுவார். செங்கல். மறுபடி செங்கல். அவரை வண்டியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனேன். புண் ஆறினால்தான் சர்க்கரை இறங்கும் என்று சொல்லி, மருந்தைக் கூட்டிக் கொடுத்தார். என் மகள் தினமும் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டினாள்.

ஒரு காலை மஞ்சள் வந்தது. நான் பொறுமை இழந்திருந்தேன்.

"இது போதுங்கண்ணா. நீலம்னு சொல்லிட்டு ஒரு துண்டு தின்னுருங்க. அவங்க வந்தா பாக்கப்போறாங்க?"

அவர் குழாயை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீ படிச்சவன். பாத்துச் சொல்லு. இது நீலமா?"

"மஞ்சளுங்க."

"அப்பறம்?"

மகள் கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "பெரியப்பா காலு ஆறட்டுமுங்கப்பா. அது வரைக்கும் பொறுக்காத ஊட்டுக்கு நான் போயி என்ன பண்றது?"

அவள் குரல் நன்றாக இல்லை. ஆனால் சொன்னாள். நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

புண் வாய் மூடியது. மஞ்சள் பச்சையானது. பச்சை வெளுத்தது. பிறகு ஒருநாள் குழாயில் நீலம் நின்றது. ஆற்றிப் பார்த்தார், மீண்டும் காய்ச்சிப் பார்த்தார், அப்படியே நின்றது. நங்கை விளக்கை அணைத்துவிட்டு, "சட்டை எடுத்து வெக்கட்டுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சொல்லியனுப்பிவிட்டு அன்றே போனோம். கிணத்துக்கடவு ஜாதகத்தை அவர்கள் எடுத்துப் பார்க்கவில்லை என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அதே கூடம், அதே இலை. அண்ணன் காலையிலிருந்து ஒன்றும் பெரிதாகச் சாப்பிடவில்லை. கைகால் கழுவிக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு ஒப்பிட்டு வந்தது. விள்ளி வாயில் வைத்தார். அந்தக் கூடத்தில் இருபது பேராவது இருந்திருப்போம்; ஒருவரும் பேசவில்லை. அவர் தாடை அசைவதை அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர் எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. ஓரத்தைக் கடைசிக்கு வைத்திருந்து தின்றார். இலையில் ஒட்டிய நெய்யையும் விரலால் வழித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"பருப்பு பதமா வெந்திருக்குதுங்க தாயி," என்றார்.

பையனின் தாயார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பிறகுதான் நாங்கள் கை நனைத்தோம்.

கை கழுவத் தொட்டியருகே போனபோது பையனின் தகப்பனார் அண்ணனின் பக்கத்தில் வந்து நின்றார். நான் இருப்பதைப் பார்த்துத் தயங்கினார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏனுங்க, அந்த நீலத்தண்ணி எங்கீங்க கெடைக்கும்?"

அண்ணன் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு வருதுங்களா?"

"ரொம்ப நாளா வருதுங்க. ஊட்டுல சொல்லலீங்க. தெரிஞ்சா பையனுக்குப் பொண்ணு அமையாதுன்னு..."

அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பெண்ணுக்கோ பையனுக்கோ தகப்பனாக இருப்பவன் செய்வதையே இருவரும் செய்திருந்தோம். அதைப் பற்றி அவரும் நானும் அதற்குப் பின் ஒருநாளும் பேசியதில்லை.

அண்ணன் தம் பையிலிருந்து குப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நாளைக்குக் காலைல பாருங்க. மொத நாளு செங்கல்தானுங்க வரும். பயந்துக்காதீங்க. நல்லா ஒறங்குங்க."

கல்யாணம் அடுத்த முகூர்த்தத்தில் நடந்தது. சர்க்கரை ஊடும் சர்க்கரை ஊடும் சேர்ந்துவிட்டது என்று டீக்கடையில் சொன்னார்கள். சொல்லட்டும்.

அண்ணன் அதன்பின் சில வருஷங்கள் இருந்தார். வலது காலில் முதலில் ஒரு விரல் போயிற்று. பிறகு கண் மங்கியது. நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றார். நங்கைக்கும் பார்வை குறைந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் திருப்பூரில் தொழிலில் இருந்தார்கள். ஆகவே காலையில் நான் போனேன். விளக்கை ஏற்றினேன், குழாயைக் காய்ச்சினேன். எனக்கு அது பிடித்த வேலை என்று சொல்லமாட்டேன். அவர் கட்டிலில் படுத்தபடி கேட்பார்: "என்ன நெறம் தம்பி?" நான் கண்டதைச் சொல்வேன். ஒரு நாளாவது நீலம் என்று மாற்றிச் சொல்லியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. மாற்றிச் சொல்லமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவர் ஒருமுறையும் குழாயைக் காட்டச் சொன்னதில்லை.

கடைசி நாளன்று என் மகள் வந்திருந்தாள். மாமியார் சுட்டுக் கொடுத்த ஒப்பிட்டு ஒன்றைக் கொண்டுவந்து தட்டில் வைத்தாள். அண்ணன் தட்டை வாங்கி முகத்தருகே வைத்து முகர்ந்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"நீ தின்னு. எம்முன்னால தின்னு. பேசாத."

விள்ளித் தின்றேன். பாதிக்கு மேல் என்னால் முடியவில்லை. தண்ணீர் குடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

"எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்கண்ணா."

"ஏலக்கா கொஞ்சம் எச்சாப் போச்சு," என்றார்.

பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் கட்டிலருகே தட்டையும், அதில் விள்ளிய ஒப்பிட்டையும், மடியில் இருந்த கருப்பட்டியையும் பார்த்தார்கள். இனிப்பைத் தின்றுதான் செத்தார் என்று ஊரில் பேச்சானது. படித்தவர் கையாலேயே ஊட்டிவிட்டார் என்று என் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். இன்றைக்கும் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

அது தவறு. அந்த ஒப்பிட்டை விள்ளித் தின்றவன் நான். அன்று காலை குழாயைக் காய்ச்சிப் பார்த்தவனும் நான். நிறம் மஞ்சள். அவர் தின்னவில்லை.